நூல்கடையின் சாட் பெட்டி

“டெல், நீ எதுக்கு அவ இடத்துல உக்காந்திருக்க?”

ரெய்னோ ஓயாலா போனில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ஹலோ கிடையாது, எப்படி இருக்கே கிடையாது. டெல்மர் சாலோ அப்போது சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, படகு வாடகைக்கு விடும் கடையின் வெப்சைட்டில் படம் மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“யார் இடத்துல?”

“லெம்பி இடத்துல. கடை சைட்ல கீழ ஓரமா ஒரு பெட்டி இருக்குல்ல. அவ மூஞ்சி இருந்த இடத்துல உன் மூஞ்சி இருக்கு. அவ பேசினது பூரா நீ பேசின மாதிரி இருக்கு.”

லெம்பி ரெய்னோவின் மனைவி. அவள் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று அந்த நொடியே டெல்மருக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷமாக ஒரே பட்டனை அமுக்கிப் பழகிய கை அது.

டெல்மரைப் பற்றி எங்கள் ஏரிக்கரை ஊரான ஆல்டர் ஹார்பரில் யாரிடம் கேட்டாலும், “தங்கமான மனுஷன், ஆனா அவன் கண்ணுல படற மாதிரி எதையும் கலைச்சுப் போட்டுட்டுப் போகாதே, மடிச்சு வெச்சிடுவான்” என்பார்கள். ஊரின் வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷம் பக்கம் கட்டியவர். பத்திரிகையை மூடியபோது அவருக்கு ஐம்பது வயது. அந்த வயதில் வேலை போனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். மீதிப் பேர் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போவார்கள். டெல்மர் இரண்டுக்கும் போகவில்லை. மனைவி பெர்நீஸ் நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்த தடிப் புத்தகத்தோடு ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து, சைட் கட்டக் கற்றுக்கொண்டார். முதலில் சர்ச்சுக்கு ஒன்று, அப்புறம் பாஸ்டி என்ற இறைச்சி ரொட்டி சுடும் கடைக்கு ஒன்று. இப்போது முப்பத்துநாலு சைட் அவர் பார்வையில் இருக்கின்றன.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு கடையிலிருந்தோ சர்ச்சிலிருந்தோ ஆள் விலகிவிட்டால், இரண்டே வாரத்தில் அந்த ஆளின் அக்கவுண்டை சைட்டிலிருந்து நீக்கிவிடுவார். ஆளில்லாத அக்கவுண்ட் என்பது பூட்டாத வீடு, திருடன் அதன் வழியாகத்தான் வருவான் என்று அவருக்கு உறுதி. நீக்கும்போது அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். இந்த ஆள் எழுதியதையெல்லாம் அழித்துவிடலாமா, இல்லை வேறு யார் பெயருக்காவது மாற்றலாமா? அழிக்க டெல்மருக்கு மனசு வராது. ஒவ்வொரு முறையும் தன் பெயருக்கே மாற்றிக்கொள்வார். அதனால்தான் ஊரைவிட்டுப் போன பாதிரியாரின் ஈஸ்டர் பிரசங்கத்துக்குக் கீழேயும், கல்யாணமாகிப் போன பாஸ்டி கடைப் பெண்ணின் விடுமுறை அறிவிப்புக்குக் கீழேயும் டெல்மர் சாலோ என்று போட்டிருக்கும். இதை ஊரில் யாரும் கவனித்ததில்லை. லெம்பி விஷயத்தில்தான் ஒருவர் கவனித்தார்.

லெம்பிக்கு ஏரித் தெருவில் நூல்கடை. ஸ்வெட்டருக்கும் கையுறைக்கும் கம்பளி நூல் விற்பாள், தப்பாகப் பின்னியதை அவிழ்த்துத் திருத்தியும் கொடுப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துக் கடையைத் திறந்தபோது, கழுத்தில் கயிறு கட்டி ஒரு நோட்டும் பென்சிலும் தொங்கின. டெல்மரை வரவழைத்து நோட்டில் எழுதிக் காட்டினாள்.

“போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுத்து என்ன பண்ண, தும்மவா?”

“சைட்ல சாட் போட்டுடலாம் லெம்பி. ஒரே ஒரு பிளகின், அரை மணி நேர வேலை.”

“வலிக்குமா?” என்று எழுதினாள். அப்படிப்பட்ட பொம்பளை அவள்.

அரை மணி என்றது அரை நாளாயிற்று. பிளகின் என்ற அந்த ஒட்டு மென்பொருளைத் தேடி, ஏற்றி, முடுக்கிவிட்டால், சாட் பெட்டி வந்து போன் திரையில் நூல் வாங்கும் பட்டன்மேல் உட்கார்ந்துகொண்டது. அதை நகர்த்தினார். பின்பக்கம் இருந்தாலும் கேட்க வேண்டும் என்று, கடைக் கதவில் தொங்கும் மணியின் ஓசையையே பதிவு செய்து அழைப்பொலியாக வைக்கச் சொன்னாள் லெம்பி. யாராவது எடுக்கும்வரை அது விடாமல் அடிக்க வேண்டும் என்றாள். அப்படியே செய்தார். வேலை நெருக்கடியில் ஒரே தட்டில் அனுப்புவதற்கு ஆறு பதில்களை அவளையே எழுதச் சொல்லி, ஒன்றிலிருந்து ஆறுவரை எண் போட்டு வைத்தார். மூன்றாம் எண் இது: “கொஞ்சம் வேலையா இருக்கேன். அவசரமே இல்ல. நானே கூப்பிடுறேன்.”

“அவசரமே இல்லன்னு கடைக்காரியே சொன்னா எவன் வாங்குவான்?” என்றார் டெல்மர்.

“பின்னுறவங்களுக்கு என்ன அவசரம்” என்று எழுதினாள். இன்னொன்றும் எழுதினாள். “நாளைக்கு யார் பதில் சொன்னாலும் என் மூஞ்சிதான் தெரியணும். உன் மூஞ்சியைப் பாத்தா எவளும் நூல் வாங்க மாட்டா.”

அதையும் செய்து கொடுத்தார். குரல் இருந்த காலத்தைவிட லெம்பி இப்போதுதான் அதிகம் பேசுகிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். உண்மைதான். மாவட்டத்துக்கு வெளியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து அந்தப் பெட்டியில் அரட்டையடித்தார்கள்.

இந்த ஜனவரியில் நோய் திரும்பியது. இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டேப்லெட்டைக் கையோடு எடுத்துப்போனாள். கடைக்கு வரும் கேள்விகளை டெல்மர் தன் போனில் பார்த்துப் பதில் சொல்வது என்று ஏற்பாடு. போகும் அன்று நோட்டில் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “‘கடை திறந்திருக்கா’ன்னு ஒரு ஆளு ஆரம்பிப்பான். அவனைத் தொடாதே. அவன் என் ஆளு.”

யாரோ நச்சரிக்கும் வாடிக்கையாளர் என்று டெல்மர் நினைத்துக்கொண்டார். தொடவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆளுக்கு மாறி மாறிப் பதில் சொல்லிக் குழப்பிவிடக்கூடாதே என்று, ஒருவர் எடுத்த பேச்சு இன்னொருவருக்கு மணியடிக்காதபடி பிளகினில் மாற்றி வைத்தார். நாற்பது நாள் ஓடியது. பிப்ரவரியில், பனிப்புயல் அடித்த ஒரு மாலையில் லெம்பி இறந்துபோனாள். சவ அடக்கம் முடிந்து, பதினாலாம் நாள், வழக்கம்போல் அவள் அக்கவுண்டை நீக்கினார். எல்லாப் பதிலுக்கும் முகமாக இருந்த அவள் படமும் அதோடு போயிற்று. வழக்கமான கேள்வி வந்தது, வழக்கம்போல் தன் பெயரைக் கொடுத்தார்.

ரெய்னோ போன் செய்த அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ரெய்னோவுக்கு எழுபத்துநாலு வயது, மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. நேராகப் பின்னறைக்கு அழைத்துப்போய்ப் பழைய கம்ப்யூட்டரைக் காட்டினார்.

“போன்ல தட்டச்சு பண்ண என் விரல் ரொம்ப தடிசு. அதனால இங்க உக்காந்து கடை சைட்டைத் திறப்பேன். வாடிக்கையாளர் மாதிரி ‘கடை திறந்திருக்கா’ன்னு கேப்பேன். அவ ‘உனக்கு மட்டும்’னு சொல்வா. தினம் நாலு மணிக்கு. அவ கடையில இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரில இருந்து நான் வீட்டுக்கு வந்த நாளானாலும் சரி.”

டெல்மர் திரையைப் பார்த்தார். உனக்கு மட்டும், உனக்கு மட்டும் என்று வரி வரியாக இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவருடைய சொந்த முகம், மீன்பிடி விழாவில் எடுத்த படம், பல்லைக் காட்டிக்கொண்டு.

“நாப்பத்தஞ்சு வருஷம் சேந்து இருந்தோம் டெல். அவ பேசறதை நான் ஒழுங்காக் கேட்டது இந்த ரெண்டு வருஷம்தான். அவ குரலுன்னு எனக்கு இருக்கறது இதுதான். அதுல போய் நீ உக்காந்திருக்க.”

“மாத்திடறேன் ரெய்னோ. எல்லாத்தையும் அவங்க பேருக்கே மாத்திடறேன்.”

“பழையதுக்கு இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருப்பியே?”

முப்பத்துநாலு சைட்டுக்கும் தினமும் காப்பி எடுக்கிறவர்தான் டெல்மர். ஆனால் சாட் மட்டும் அதில் சேராது. பேச்சு இடத்தை அடைக்கிறதே, பேச்சை யார் சேமித்து வைப்பார்கள் என்று அவரே ஒரு நாள் அதை விலக்கி வைத்திருந்தார்.

“மொத ரெண்டு வருஷம் பூரா அவங்க பேசினதுதான், அதைச் சுலபமா மாத்திடலாம்” என்றார். “கடைசி நாப்பது நாள்ல நானும் பேசியிருக்கேன். இப்ப ரெண்டும் என் பேர்ல கலந்து கிடக்கு. எது யாருதுன்னு ஒவ்வொண்ணாப் பிரிக்கணும்.”

“பிரி” என்றார் ரெய்னோ. பிறகு காபியைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல், இன்னொன்று சொன்னார். “பிரிக்கும்போது அந்தக் கடைசி நாளைப் பாரு. எனக்கு அது மட்டும் ஆறவே மாட்டேங்குது. கூரையில பனி ஏறிப்போச்சு, தள்ளிவிட்டுட்டு வரேன்னு மொத நாள் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் நாலு மணிக்கு ரேடியோல, சாயங்காலம் ரோட்டை மூடப்போறதா சொன்னான். அவசரத்துல கடை திறந்திருக்கான்னுகூடக் கேக்கல. ‘ரோட்டை மூடப்போறாங்க, இப்பவே கிளம்பவா, காலைல வரவா’ன்னு எழுதினேன். அவ என்ன சொன்னா தெரியுமா? அவசரமே இல்லையாம். அவளே கூப்பிடுறாளாம். நானும் இந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தேன். ஆறரைக்கு ஆஸ்பத்திரில இருந்துதான் கூப்பிட்டாங்க. ஏன் என்னை வேண்டாம்னா, டெல்? என்ன பண்ணேன் நான்?”

மூன்றாம் எண். டேப்லெட்டிலிருந்து அவளே தட்டியிருப்பாள் என்று டெல்மர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேசத் தெம்பில்லாமல் தட்டியிருப்பாள், அப்படித்தான் இருக்கும். வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது அதையே பத்துத் தடவை சொல்லிக்கொண்டார்.

மறுநாளே லெம்பியின் அக்கவுண்டைத் திரும்ப உண்டாக்கி, முதல் இரண்டு வருஷத்தை அவள் பெயருக்கு மாற்றிவிட்டார். பெட்டியில் அவள் முகம் திரும்பி வந்தது. மீதி நாற்பது நாளைப் பிரிக்கச் சர்வரின் பதிவேட்டை வாங்கினார். ஒவ்வொரு வரியும் எந்த இணைய முகவரியிலிருந்து போனது என்று அதில் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து போனது அவளுடையது, தன் போனிலிருந்து போனது தன்னுடையது. அறுநூறு வரிகள். கோடு போட்டுக் கோடு போட்டு இரண்டு பத்தியாகத் தாளில் எழுதினார்.

அந்த நாட்களில்தான் மணி அவரைப் பிடித்துக்கொண்டது. லெம்பியின் டேப்லெட் அணைந்துவிட்டதால், பெட்டியில் யார் என்ன எழுதினாலும் டெல்மர் போனில் மட்டும்தான் அடிக்கும். தினமும் நாலு மணிக்கு லெம்பியின் கடைக் கதவு மணி அடித்தது. திரையில் “கடை திறந்திருக்கா?” என்று வந்தது. இரண்டாம் நாள் அதன்கீழ், “நீ படிப்பேன்னு தெரியும் டெல். உனக்கு எழுதல” என்றும் வந்தது. மூன்றாம் நாள், “அடுப்புக்கு பிர்ச் விறகு தீந்துபோச்சு, மேப்பிள்தான் போடறேன், புகையுது” என்று வந்தது. யாரும் எடுக்காததால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டெல்மர் போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினார். அப்போதும் கேட்டது. ஒரு தடவை போனை அணைத்தே வைத்துவிட்டார், ஆனாலும் நாலு மணிக்கு அவர் காதில் அது அடித்தது.

“எடுத்து ஒரு வார்த்தை பதில் சொல்லேன்” என்றாள் பெர்நீஸ்.

“எனக்கு வர்றதில்ல அது.”

“மாவு டப்பா வெச்சிருக்கற வீடு நம்ம வீடு. அப்ப யாருக்கு வருது?”

இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிற மாதிரி அவருக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. அதைச் சொன்னால் பெர்நீஸ் சிரிப்பாள்.

ஐந்தாம் நாள் அந்த வரிக்கு வந்து சேர்ந்தார். நாலு மணி மூன்று நிமிஷம். மூன்றாம் எண் பதில். பதிவேட்டில் முகவரியைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அவருடைய போன்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. புயல் வருகிறது என்று ஊரே மளிகைக் கடையில் நின்ற சாயங்காலம். இரண்டு கையிலும் சாமான். பையில் மணி அடித்தது. விடாமல் அடித்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடை திறந்திருக்கா என்று ஆரம்பிக்கவில்லை, அதனால் லெம்பியின் ஆள் இல்லை, எவளோ நூல் கேட்கிறாள். மேலே ஒன்றும் படிக்காமல் கட்டைவிரலால் மூன்றைத் தட்டினார். மணி நின்றது. பால் பாட்டிலை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் எடுத்ததால் லெம்பியின் டேப்லெட்டில் அந்த மணி நின்றுபோயிருக்கும். அதுவும் அவர் வைத்த ஏற்பாடு.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பேச்சுக்குக் கீழே, மஞ்சள் பின்னணியில் இன்னொரு வரி இருந்தது. ஒருவர் எடுத்த பேச்சில் இன்னொருவர் எழுதினால், அது வாடிக்கையாளருக்குப் போகாது. உள்ளே இருப்பவர்கள் பார்க்கும் குறிப்பாக, மஞ்சளில் நின்றுவிடும். ஐந்து பன்னிரண்டு. ஆஸ்பத்திரி முகவரி.

“கிளம்பிட்டியா?”

அவ்வளவுதான். ரெய்னோவுக்குப் போய்ச் சேரவே இல்லை. டெல்மர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு விசும்பி அழுதார். பெர்நீஸ் வந்து அவர் தோள்வழியாகத் திரையைப் படித்தாள், பதிவேட்டைப் படித்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அந்த வரியை லெம்பி பேர்ல போட்டா ரெய்னோவுக்குத் தெரியாது” என்றாள்.

“தெரியாது.”

“மஞ்சளையும் அவர் பாக்க முடியாது.”

“முடியாது. ஆனா அவ வேண்டாம்னு சொன்னதா நினைச்சுக்கிட்டே சாவார்.”

பெர்நீஸ் ஆணியிலிருந்து அவர் கோட்டை எடுத்தாள். “அப்ப கோட்டை மாட்டு” என்றாள். “நான் வண்டியைச் சூடு பண்றேன்.”

மூன்றரை மணிக்கு ரெய்னோவின் பின்னறையில் டெல்மர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மளிகைக் கடை, மணி, மூன்றாம் எண், எதையும் விடவில்லை. மன்னிப்பு கேட்கும் இடத்துக்கு வந்தபோது லேப்டாப்பைத் திறந்து மஞ்சள் வரியைக் காட்டினார்.

ரெய்னோ குனிந்து படித்தார்.

“அப்ப அவ வேண்டாம்னு சொல்லல.”

“சொல்லல ரெய்னோ. அது நான்.”

“கேட்டிருக்கா.”

“கேட்டிருக்காங்க.”

“ஒண்ணே கால் மணி நேரம் என்னை எதிர்பாத்துக்கிட்டே இருந்திருக்கா.” அவர் டெல்மரைப் பார்க்கவில்லை. “நாலு மணிக்குக் கிளம்பியிருந்தா ஆறுக்குப் போயிருப்பேன்.”

அடி விழும் என்று டெல்மர் நினைத்தார், விழுந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தார். ரெய்னோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அந்த அவசரமே இல்லங்கற வரில உன் பேரு இருக்கட்டும். உன் மூஞ்சியும் இருக்கட்டும். மாத்தாதே.”

“மாத்தல.”

“மஞ்சள்ல இருக்கறதை எனக்குத் தெரியற மாதிரி வெளிய எடுத்துப் போடு. அவ பேர்ல.”

டெல்மர் மண்டியிட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துச் செய்தார். இரண்டு தடவை தப்பாக அமுக்கினார். ரெய்னோவின் பழைய திரையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த டெல்மரின் முகத்துக்குக் கீழே லெம்பியின் முகம் வந்தது, பக்கத்தில் அவளுடைய கேள்வி வந்தது. ஐந்து பன்னிரண்டு என்று நேரம் போட்டிருந்தது.

ரெய்னோ ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். அனுப்பினார்.

டெல்மரின் கோட்டுப் பையில் கடைக் கதவு மணி அடித்தது. அவர் அனிச்சையாகக் கையைப் பைக்குள் விட்டுப் போனை உருவினார். “கிளம்பிட்டேன்” என்று இருந்தது.

“எடுக்காதே” என்றார் ரெய்னோ.

டெல்மர் எடுக்கவில்லை. போனை மேஜையில் இருந்த ரெய்னோவின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். யாராவது எடுக்கும்வரை அடிக்க வேண்டும் என்று லெம்பி சொல்லி, அவர் வைத்துக் கொடுத்த மணி அது. இரண்டு பேரும் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.